சென்சாருக்குப் பதில் மணவாளன்

அயனம்பாக்கத்தில் மணவாளனைத் தெரியாதவர்கள் இரண்டே வகை. ஒன்று, ஏரிக்கரையோரம் புதிதாக முளைத்த அடுக்குமாடிகளில் குடிவந்தவர்கள். இன்னொன்று, நேற்றுப் பிறந்த குழந்தைகள். மற்ற எல்லோருக்கும் அவரே நேரில் போய்த் தன்னைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டார்.

சொல்லிக்கொள்ள விஷயம் இல்லாமல் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மண்ணூர்பேட்டைப் பக்கம் வண்டி பாகங்கள் அடிக்கும் ஒரு கம்பெனிக்குள் துடைப்பத்தோடு நுழைந்த மனிதர். வெளியே வரும்போது டை செட்டர். பவர் பிரஸ் என்பது யானை மாதிரி; தகட்டை அடியில் வைத்தால் ஒரே மிதியில் பாகமாகத் துப்பும். அது மிதிக்கிற இரும்பு அச்சுக்குப் பெயர்தான் டை. அந்த அச்சை மயிரிழை பிசகாமல் பூட்டி நிறுத்துகிறவன் செட்டர். இன்ஜினியரிங் படித்தவர்களெல்லாம் மணவாளன் பூட்டி முடிக்கும்வரை கைகட்டி நின்றார்கள் என்பது அவர் கணக்கு. அந்தத் தொழிற்பேட்டை எஸ்டேட்டிலேயே இரும்புத்தூள் தின்று வளர்ந்து, சொந்தப் பட்டறை வைத்து, மூன்று மாடி வீடும் கட்டியவன்தான் இதை எழுதுகிறான். அவனுக்குத் தெரிந்து, அந்தக் கணக்கில் பாதியாவது உண்மை.

இடது கை ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. பிரஸ் எடுத்துக்கொண்டது. மற்றவர்களாயிருந்தால் பைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். மணவாளன் அந்த அரை விரலைக் காட்டித்தான் டீ சொல்லுவார், பஸ்ஸை நிறுத்துவார், கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையை ஆசீர்வதிப்பார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் கஷ்டம் வந்தது. பணக் கஷ்டம் இல்லை. கேட்க ஆள் இல்லாத கஷ்டம். வீட்டில் எல்லம்மா ஒருத்திதான் மிச்சம். அவளோ அந்தக் கதைகளையெல்லாம் அவரைவிட நன்றாகச் சொல்லுவாள்.

இந்த நிலையில்தான் கம்பெனியில் ஸ்டிரைக் வந்தது.

பிரஸ்ஸில் ஒரு சென்சார் இருக்கும். கை உள்ளே போனால் மெஷின் அப்படியே நின்றுவிடும். அது அடிக்கடி நிற்பதால் வேலை சுணங்குகிறது என்று புது நிர்வாகம் சென்சார்களைக் கழற்றிவிட்டது. ஒரே மாதத்தில் ஜெகதீஷ் என்கிற பையனின் விரல் நுனி போயிற்று. சென்சாரை மாட்டினால்தான் உள்ளே வருவோம் என்று, முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு, தொழிலாளிகள் கேட்டுக்கு வெளியே சாமியானா போட்டு உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன் ஹேமநாதன். எல்லம்மாவின் தம்பி, மணவாளனின் மச்சான். ஸ்டிரைக் தோற்றால் முதல் சீட்டு அவனுக்குத்தான் கிழியும் என்பது எஸ்டேட் முழுக்கத் தெரியும். எல்லம்மாவுக்கு அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது வாரம், மணவாளன் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் விக்ரம், கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர். கையில் ஆப்பிள் கூடை, பொன்னாடை.

"ஐயா, உங்களுக்கு அப்புறம் அந்த மாதிரி செட்டிங் யாருமே போடலைன்னு பேசிக்கிறாங்க," என்றார் விக்ரம்.

"பேசத்தான் செய்வாங்க," என்றார் மணவாளன் அடக்கமாக. அவருடைய அடக்கம் அவ்வளவுதான்.

"நீங்க வேலையே செய்ய வேணாம். வெளியூர்லேருந்து கொஞ்சம் பசங்க வந்திருக்காங்க. உங்க பார்வை மேல இருந்தா போதும். நீங்க எங்க ஆலோசகர்."

ஆலோசகர்! பொன்னாடை தோளில் விழுந்தபோதே மணவாளனும் விழுந்துவிட்டார்.

சாயங்காலம் சேதி கேட்டு ஹேமநாதன் ஓடிவந்தான்.

"மாமா, இன்னா மாமா இது? நாங்க வெளிய காஞ்சிகினு கீறோம், நீ உள்ள போறியாமே?"

"நான் வேலைக்கா போறேன்? ஆலோசகர்டா."

"சட்டப்படி நோட்டீஸ் குடுத்து ஸ்டிரைக் பண்றப்போ, அந்த வேலைக்கு புதுசா ஆள் எடுக்கக் கூடாது மாமா. எடுத்தா கம்பெனி மேல தப்பு. லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துகீறோம்."

மணவாளன் அரை விரலை உயர்த்தினார். "அங்கதான் கீது சூட்சுமம். சட்டம் இன்னா சொல்லுது? புது ஆள். நான் புது ஆளாடா? உங்க எல்லாரையும் விட பழைய ஆளு!"

ஹேமநாதன் தலையில் அடித்துக்கொண்டான். எந்த வக்கீலும் இப்படி ஒரு பாயின்ட்டை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அதில்லாம, சென்சார் இன்னாத்துக்குடா உங்களுக்கு? நாங்கெல்லாம் சென்சாரா வச்சிகினு தொழில் கத்துக்கினோம்?"

உள்ளேயிருந்து எல்லம்மாவின் குரல் வந்தது. "ஆமா ஆமா. சென்சார் இல்லாம கத்துக்கினதுக்குத்தான் அரை விரலை ஊரெல்லாம் ஆட்டிகினு கீறியே. டேய் தம்பி, நீ கெளம்பு. இந்த ஆளுக்கு ஆப்பிள் பத்தலைன்னு நெனைக்கிறேன்."

மறுநாள் காலை டிபன் டப்பாவில் சோறு இல்லை. ஒரு ஆப்பிள் இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. எல்லம்மா சமைத்தாள், ஆனால் அண்டா நேராகச் சாமியானாவுக்குப் போயிற்று.

கம்பெனிக்குள் மணவாளன் ராஜா மாதிரிதான் நுழைந்தார். டையைப் பூட்டினார், தட்டிப் பார்த்தார், முதல் பாகத்தை வெளிச்சத்தில் திருப்பினார். பிசிறே இல்லை. "பாத்தியா?" என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டார். அவன் பெயர் பரத். செய்யாறு பக்கத்திலிருந்து காண்டிராக்டர் வேனில் ஏற்றி வந்த பையன்களில் ஒருவன். பிரஸ்ஸை அவன் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறான்.

"அண்ணாத்தே, வெளிய இன்னாத்துக்கு கொடி பிடிச்சிகினு உக்காந்துகீறாங்க?" என்று கேட்டான் பரத். எஸ்டேட்டுக்கு வந்து இரண்டே நாளில் ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"உனக்குச் சொல்லலையா?"

"புதுக் கம்பெனி, ஆள் எடுக்கறாங்கன்னுதான் சொன்னாங்க."

மணவாளன் பதில் சொல்வதற்குள் பரத்தின் கை டைக்குள் போயிற்று. "கை!" என்று மணவாளன் போட்ட கூச்சலில் மெஷின்கள் ஓடும் ஷாப்பே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அதுதான் ஆலோசனை. ஒரு ஸ்டூலைப் போட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஷிஃப்ட் முழுக்க அந்தப் பக்கம் "கை!", இந்தப் பக்கம் "டேய் கை!" என்று கத்தல். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்குத் திரும்பியவரிடம், வழியில் நின்றிருந்த ஹேமநாதன் கேட்டான்:

"இன்னா மாமா, சென்சாரைக் கழட்டிட்டு உன்னை மாட்டிகினாங்களா?"

திருப்பிக் கொடுக்க மணவாளனிடம் ஆயிரம் பதில் இருந்தது. குரல்தான் இல்லை.

பாகங்கள் வெளியே போகப்போக, சாமியானாவில் முகங்கள் வாடின. உள்ளே வேலை நடக்கிறது, நாம் எதற்கு வெயிலில் கிடக்கிறோம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். லேபர் ஆபீஸிலோ விக்ரம் சத்தியம் செய்தார்: ஒரு ஆளைக்கூடப் புதிதாக எடுக்கவில்லை, போவதெல்லாம் பழைய ஸ்டாக். அந்தப் பொய் எடுபட்டால் ஸ்டிரைக் படுத்துவிடும். ஹேமநாதனின் சீட்டும் கிழிந்துவிடும்.

ஒரு நாள் மத்தியானம் விக்ரம் ஷாப்புக்குள் ஓடிவந்தார். லேபர் ஆபீஸர் நேரிலேயே பார்க்க வருகிறாராம், கேட்டில் கார் நிற்கிறதாம். கண்மூடித் திறப்பதற்குள் மெஷின்கள் நின்றன, பையன்கள் பின்கேட் வேனுக்குத் துரத்தப்பட்டார்கள். மணவாளன் மட்டும் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க நேரமெடுத்தார். முழங்கால் அவர் சொல்வதைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

"ஐயா, ஐயா, ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க," என்று விக்ரம் கையில் எதையோ திணித்தார்.

துடைப்பம்.

ஆபீஸர் வித்யா உள்ளே வந்தார். சின்ன வயசு, தணிந்த குரல். "இவர்?"

"கூட்டிப் பெருக்க வர்றவர் மேடம்."

மணவாளனின் காது மடல் சிவந்தது. ஆனாலும் பொறுத்தார். துடைப்பத்தோடு நுழைந்த இடம்தானே, துடைப்பம் ஒன்றும் அவமானமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ரெண்டு இழுப்பு இழுத்துக்கூடக் காட்டினார். இதைப் பார்த்திருந்தால் எல்லம்மா சந்தோஷப்பட்டிருப்பாள். வீட்டில் அவர் அதைத் தொட்டதே இல்லை.

வித்யா தொட்டியிலிருந்து ஒரு பாகத்தை எடுத்தார். எண்ணெய் இன்னும் காயவில்லை. "இது புதுசா இருக்கே?"

"அதெல்லாம் ஸ்கிராப் மேடம்," என்றார் விக்ரம் சட்டென்று. "சரியா வராததுன்னு ஓரமா ஒதுக்கி வச்சது. பழைய இரும்புக்குப் போடப் போறோம்."

துடைப்பம் கீழே விழுந்தது.

"இன்னா சொன்னே?"

"ஐயா, நீங்க சும்மா..."

"ஸ்கிராப்பா? இதுவா ஸ்கிராப்பு?" கட்டியிருந்த தொண்டை அந்த நிமிஷம் திறந்துகொண்டது. "இங்க பாரு மேடம். விரலை வச்சி ஓரத்தைத் தடவு. பிசிறு கீதா? சொல்லு, கீதா?"

"இல்லை ஐயா," என்றார் வித்யா.

"எப்படி இருக்கும்? காலைல நானே பூட்டின டை! பிரஸ்ஸை இன்னான்னே தெரியாத பசங்களை வச்சிகினு இந்த பினிஷிங் எடுத்துகீறேன். வேற எவனாவது எடுக்கட்டும், நான் மீசையை எடுத்துடறேன்!"

"இன்னிக்குக் காலையிலா?" என்று வித்யா மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்கு, நேத்து, போன வாரம். தினம்! நம்பலைன்னா அந்தப் பசங்களையே கேளு. பின்கேட்ல வேன்ல கீறானுங்க. டேய் பரத்து! வாடா இங்க! மேடம் கிட்ட சொல்லு, யார் செட்டிங் இதுன்னு!"

பரத் வந்தான். பின்னாலேயே மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். விக்ரம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வித்யா பையன்களிடம் எப்போது வந்தார்கள், யார் கூட்டி வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். பயந்து நின்ற பரத்திடம், "உங்க மேல தப்பு இல்லைப்பா. ஸ்டிரைக் நடக்கும்போது ஆள் எடுத்தவங்க மேலதான் தப்பு. உழைச்ச நாளுக்கு உங்க கூலி உங்களுக்கு வரணும்," என்றார். மணவாளனின் வாக்குமூலத்தையும் எழுதி வாசித்துக் காட்டினார்.

மணவாளன் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "எல்லாம் கரெக்டு. ஆனா பேருக்குக் கீழ டை செட்டர்னு போடணும் மேடம். அந்த ஆலோசகரை அடிச்சிடு."

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோதுதான், தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. உறைத்ததை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. பொன்னாடையைச் சரியாக மடித்து விக்ரமின் மேஜையில் வைத்துவிட்டு முன்கேட் வழியாகவே வெளியே வந்தார்.

சேதி அவருக்கு முன்பே சாமியானாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே விசில் பறந்தது. ஜெகதீஷ் கட்டுப் போட்ட கையோடு அவரைக் கட்டிக்கொண்டான். மணவாளன் அவன் கட்டைப் பார்த்தார், தன் அரை விரலைப் பார்த்தார். அன்றைக்கு அதை உயர்த்திக் காட்டவில்லை. மெல்லப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

நாலு பேர் சூழ்ந்ததும் பழைய மணவாளன் திரும்பிவிட்டார். "பின்ன? சும்மாவா உள்ள போனேன்? மொத நாள்லேருந்தே எல்லாம் பிளானு!"

இனி ஆள் எடுக்கவில்லை என்று சொல்ல முடியாமல், நிர்வாகம் பேச்சுவார்த்தையில் இறங்கி வந்தது. சென்சார்கள் மறுபடி மாட்டப்பட்டன. ஒருத்தர் சீட்டும் கிழியவில்லை. எல்லம்மா அன்றைக்கு மீன் குழம்பு வைத்துத் தன் கையாலேயே போட்டாள்.

"யோவ், நெசமாவே பிளானா?"

"பின்ன இன்னா?"

"அப்போ அந்த ஆப்பிளையும் பிளான் போட்டுத்தான் தின்னியா?"

மணவாளன் மீனில் முள் எடுப்பதில் மும்முரமானார்.

தொழிலாளிகள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஹேமநாதனோடு அவரும் கேட்வரைக்கும் போனார். உள்ளே விட மாட்டார்கள். அதில் வாட்ச்மேனுக்குக் கண்டிப்பான உத்தரவு. வெளியே நின்றபடியே காதைத் தீட்டினார். பிரஸ் அடிக்க ஆரம்பித்தது.

"மச்சான், மூணாவது மெஷின்ல டை லேசா ஆடுது. நான் ஒரு வாட்டி வந்து..."

"வேணாம் மாமா, நாங்க பாத்துக்கறோம்." ஹேமநாதன் கேட்டுக்குள் கால் வைத்துவிட்டுத் திரும்பினான். "ஆனா ஒண்ணு. அடுத்த ஸ்டிரைக்குக்கும் நீ கம்பெனி பக்கமே போயிடு. எங்களுக்கு அதான் நல்லது."