காழின் சிவப்பு

பள்ளிக்கூடத்தால் வந்த மகளின் விரல் நுனிகள் சிவந்திருந்தன. ஏதோ தண்டை வெட்டிச் சாயம் ஏற்றியிருக்கிறாள். அந்த நிறத்தைக் கண்டதும், கோப்பாயில் இன்று அடையாளமே இல்லாமல் போன அந்த ரியூசன் கொட்டிலுக்குப் போய்விட்டேன்.

அக்கா அங்கே உயிரியல் படித்தாள். நான் அவளுடைய சைக்கிளின் பின்னால் துணைக்குப் போவேன். பூசணித் தண்டைப் பிளேட்டால் வெங்காயச் சருகைவிட மெல்லிதாகச் சீவிச் சாயம் சொட்டி, வாத்தியாரின் பழைய நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தால், தண்ணீர் ஏறும் காழ்க்குழாய்கள் மட்டும் வளையம் வளையமாய்ச் சிவந்து, சுற்றியுள்ள இழையமெல்லாம் வெளிறிக் கிடக்கும். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில், துவக்கோடு மறித்துச் சோதிக்கும் ஆமிச் சென்றி இருந்தது. அதனால் அக்கா பிளேட்டைக் கூரை ஓலைக்குள் செருகிவிட்டு, கிணற்றடியில் பாதியாய் வெட்டிய தேசிக்காயின் புளிச்சாற்றால் விரல்களைத் தோல் எரியும்வரை தேய்ப்பாள்.

"நீ அங்கை ஒண்டும் கதையாதை."

சிவப்பு ஒருநாளும் முழுதாகப் போனதில்லை. ஆமிக்காரன் அவள் கையைப் பிடித்து, இரத்தக்கறையோ என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். தமிழ் தெரியாதவனுக்குக் காழையும் இழையத்தையும் எப்படிச் சொல்வது? "பூசணி, சேர்" என்பாள் அக்கா. அவன் கையை விடும்வரை நான் சைக்கிள் கரியரை இறுக்கிப் பிடித்தபடி நிற்பேன்.

"அம்மா, சாயம்தானே! விடுங்கோ, எரியுது!"

மகள் கத்தியபோதுதான் பார்த்தேன். என் கையில் பாதித் தேசிக்காய் இருந்தது.