திரைக்கு முன்னால் போட்ட நாற்காலிகள்

எங்கள் சித்தப்பாவுக்கு உலகத்தில் எல்லாமே அடிக்கணக்குதான். கல்யாண வீட்டுக்கும் கோவில் திருவிழாவுக்கும் சீரியல் பல்பு கட்டுகிறவர் அவர். பந்தல் எத்தனை அடி என்று சொன்னால் போதும், எத்தனை சரம் வேண்டும் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்காராமல் ஏணியில் ஏறிய ஒரே ஆள் என்று அப்பா அவரைச் சொல்வதுண்டு. அது பெருமையா, திட்டா என்பது அன்றைக்கு அப்பா இருக்கிற மனநிலையைப் பொறுத்தது.

வேலைக்குக் குறைவில்லை. பெண்தான் அமையவில்லை. போன இடத்திலெல்லாம் "பல்பு கட்றவரா?" என்று கேட்பார்கள், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை. நான் ஐந்தாவது படித்த வருஷம் தென்னேரியிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. இந்தத் தடவை விடக்கூடாது என்று அப்பா அவர்களை ஆடித் திருவிழாவுக்கே அழைத்துவிட்டார். "பையன் செய்யற வேலைய நேர்லயே வந்து பாருங்க" என்றார்.

அந்த வருஷம் சித்தப்பா கட்டப்போவது பல்பு இல்லை. எங்கள் தெரு அம்மன் கோவிலின் கருவறை ஓர் அலமாரி அளவுதான் இருக்கும். அபிஷேகத்தை நாலைந்து பேர் பார்த்தால் பெரிய விஷயம். அதைக் கேமராவில் பிடித்து, கோவில் வாசலில் எல்இடி திரை நிறுத்தி, தெருவுக்கே காட்டுவதாக விழாக் குழுவிடம் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். சென்னைக்குப் போய் வாடகைக்குப் பேசியும் வந்தார்.

"பத்தும் வச்சிருக்கான், நாலும் வச்சிருக்கான். எது வோணும்னு கேக்கறான். பத்து இருக்கசொல்ல நாலு வாங்கினு வர நான் இன்னா இளிச்சவாயனா?"

பத்து என்றால் என்ன பத்து என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. டிவியென்றால் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்து இத்தனை இஞ்ச் என்பார்கள். எண் பெரிதானால் டிவியும் பெரிது. அந்தத் திரையில் கணக்கு தலைகீழ். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அந்த எண். பத்து என்றால் கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம். எந்தத் திரையும் அடிப்படையில் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகள்தான். கைபேசியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அதற்குள் அவை தனித்தனியே தெரியும். பொட்டுகள் நெருக்கமாக இருந்தால் கண் ஏமாந்துபோய்ப் படம் என்று நம்பிவிடுகிறது. விலகி இருந்தால், அது நம்புவதற்கு நாம் தள்ளிப் போய் நிற்க வேண்டும். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்தடி அகலம், எட்டடி உயரம். அதைப் பள்ளிக்கூடத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி, தோழிகள் இரண்டு பேரைக் கையோடு கூட்டிக்கொண்டும் வந்திருந்தேன்.

எங்கள் ஊரில் மரியாதை என்றால் முன்வரிசைதான். பெண் வீட்டாருக்குத் திரைக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் விழாக் குழுத் தலைவர். அவர்கள் காலடியில் நானும் தோழிகளும்.

பம்பை முழங்கியது. திரையில் வெளிச்சம் வந்தது. முதலில் மஞ்சளாக ஏதோ வந்தது, பிறகு சிவப்பாக ஏதோ வந்தது. இன்னும் சூடாகவில்லை போலிருக்கிறது என்று எல்லாரும் காத்திருந்தோம். பெண்ணின் அப்பா நல்ல மனிதர். கோளாறு தன் கண்ணில்தான் என்று கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்படியும் தெரியாமல், எழுந்து திரைக்கு இன்னும் கிட்டே போனார். கிட்டே போகப் போக மோசமாகும் என்று அவருக்கு யார் சொல்வது? மூக்கு உரசும் அளவுக்குப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னாபா இது, சீரியல் பல்புதானே?"

கள்ளங்கபடம் இல்லாமல்தான் கேட்டார். ஆனால் முன்னால் இருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது.

திரையோடு சென்னையிலிருந்து வந்த ஆபரேட்டர் சித்தப்பாவின் காதருகே கத்தினார். "அண்ணா, சேரெல்லாம் முப்பதடி பின்னால போடச் சொல்லுணா. நல்லாத் தெரியும்."

"பொண்ணு வூட்டுக்காரங்கள எழுந்து பின்னால போங்கன்னு சொல்றதா? அறிவு கீதா உனக்கு?"

எனக்கும் அந்த ஆபரேட்டர்மேல் கோபம்தான். குறையை மறைக்க ஆட்களை விரட்டப் பார்க்கிறான் என்று நினைத்தேன். "இதான் உங்க சித்தப்பா டிவியா?" என்றாள் ஒரு தோழி. சித்தப்பா கூட்டத்தில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவமானம் தாங்காமல், யார் காலை மிதிக்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் தெருக்கோடிக்கு ஓடிவிட்டேன்.

சாயப்பட்டறை மூலையில் நின்றுதான் திரும்பிப் பார்த்தேன். திரையில் அம்மன் இருந்தாள். நெற்றியில் வழியும் பால், மூக்குத்தி, எலுமிச்சை மாலை, எல்லாம் அப்படி அப்படியே தெரிந்தன. என்னைத் தவிர அங்கே சில பெண்கள்தான் நின்றிருந்தார்கள். சித்திரையில் புருஷனைப் பறிகொடுத்த எதிர்வீட்டு அத்தை. பிறந்து சில நாளே ஆன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி. கோவில் வாசலில் வழக்கமாகக் கோலம் போடும் பக்கத்து வீட்டு அக்கா, அன்றைக்குப் பழைய பாவாடையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். எதிர்வீட்டு அத்தை கைகூப்பிக்கொண்டு அழுதாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க சித்தப்பா வச்சதாமா இது? கிட்ட நின்னு பாக்கறாப்பல இருக்குது" என்றாள்.

அவளும் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரை அணைந்தது. குழுத் தலைவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் "ஐயோ" என்றார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

தென்னேரிக்காரர்கள் கூழ்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். அவர்களும் சொல்லி அனுப்பவில்லை. சித்தப்பா திரைப் பக்கமே போகாமல் மறுபடி ஏணியில் ஏறினார். அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலபா" என்பார். அந்த மூலையில் நின்றவர்களை நானும் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. திருவிழா நாளில் அவர்கள் ஏன் தெருக்கோடியில் நிற்கிறார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஏழாவது படிக்கும்போது ஆடித் திருவிழா அன்றைக்கு அம்மா என்னிடம் மூன்று நாளைக்குக் கோவில் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சாயப்பட்டறை மூலையில் போய் நின்றேன். பம்பைச் சத்தம் கேட்டது. திரை இல்லாத வாசலை எட்டி எட்டிப் பார்த்தேன். ஜனங்களின் முதுகுதான் தெரிந்தது.