‘இன்று வாங்க வேண்டாம்’

சாயங்காலம் வேலை முடிந்து ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும் அம்மா சொன்னார்: “காய்கட சாமுவேல் போய்ட்டாராம்டி. காலையில மூட்ட எறக்கும்போதே நெஞ்சுவலியாம்.” காலையிலேயே மூடியிருந்த அந்தக் கடையை, பள்ளி விட்டு சற்று முன்புதான் நான் மறுபடி கடந்து வந்திருந்தேன். முந்தின நாள் நான் எழுதியது பலகையில் அப்படியே இருந்தது: ‘இன்று வாங்க வேண்டாம்: பீன்ஸ், முற்றல்.’

ஆம்பூரில் எங்கள் ரயில்வே கேட் பக்கம் இருக்கும் எல்லோருக்கும் அந்தப் பலகையைத் தெரியும். மற்றவர்கள் விலை எழுதும் இடத்தில், சாமுவேல் அண்ணன் எதை வாங்கக் கூடாது என்று எழுதவைப்பார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. அதனால் ஏழாம் வகுப்பிலிருந்து, பள்ளிக்குப் போகும் வழியில் நான்தான் எழுதினேன். கூலி, ஒரு கேரட்.

வெண்டைக்காயின் நுனியை உடைத்தால் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அண்ணனோ ஆளுக்கு ஒன்றைத் தானே உடைத்துக் காட்டுவார். “சத்தம் கேட்டுச்சா? இப்ப எடு.” உடைத்ததெல்லாம் அவர் வீட்டுக்குப் போகும். அவர் மனைவி ரோஸ் அக்கா கடையிலேயே புலம்புவார்: “எங்க வீட்ல தெனமும் மூக்கு ஒடஞ்ச வெண்டக்கா கொழம்புதான். பலகைய வெச்சிக்கினு யாராவது யாவாரம் பண்ணுவாங்களா?”

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. ஆளே வரவில்லை. வந்திருந்த கத்தரிக்காய் பாதி சொத்தை. பாவமாக இருந்ததால், அவர் சொல்லியும் நான் கத்தரிக்காயை எழுதாமல் விட்டேன். அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தபோது எங்கள் தெரு மேரி அத்தை வந்து, மகள் நிச்சயதார்த்தப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள ஐந்து கிலோ வாங்கிப் போய்விட்டார். திரும்பி வந்த அண்ணன் காலிக் கூடையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், வாங்கியது யார் என்று கேட்டார். எதிர்க்கடையில் நல்ல காயாக ஐந்து கிலோ பொறுக்கி, சைக்கிளில் மாட்டிக்கொண்டு மழையிலேயே போய் மாற்றிக் கொடுத்து வந்தார்.

நான் அழத் தயாராக நின்றேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “நீ எனக்கு நல்லது நெனச்சம்மா. அவங்க வீட்டு பந்திய யாரு நெனைக்கிறது?” பிறகு சிரித்தார். “எதிர்க்கடக்காரன் முழிச்ச முழி இருக்கே! கத்தரிக்கா பொறுக்க நான் அவன் கடைக்கி வந்துட்டேனாம்.”

போன திங்கட்கிழமை ரோஸ் அக்கா தனியாகக் கடை திறந்தார். பலகை சுவரோரம் திரும்பி இருந்தது. அதை அதிகம் திட்டியவர் அவர்தான் என்பதால், எடுக்கலாமா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பள்ளிப் பையோடு நின்றேன். அக்கா ஒரு கத்தரிக்காயைப் பிளந்து பார்த்தார். இன்னொன்றையும் பிளந்தார்.

“இன்னா நிக்கிற? கத்தரிக்கான்னு எழுது. பெருசா எழுது. அன்னிக்கி மாதிரி விட்டுடாத.”

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வேலைதான். இன்று காலையும் எழுதிவிட்டே பள்ளிக்கு வந்தேன். அக்கா கேரட்டை ஒடித்து, சத்தம் கேட்ட பிறகுதான் கொடுத்தார்.