சுண்டுவிரல் நுனி அளவுக்கு

கேள்வி எதுவானாலும் சார் முதலில் கட்டைவிரலைச் சுண்டுவிரல் நுனியில் வைத்துக்கொள்வார். சாத்தியம் கூடக்கூடக் கட்டைவிரல் கீழே இறங்கும்; ஆனால் உள்ளங்கையை ஒருநாளும் தொட்டதில்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் மனைவி இதைப் பார்த்துவருகிறார். குழாயில் இன்று தண்ணீர் வருமா என்று கேட்டாலும் விரல்தான். "இவரோட குடும்பம் நடத்துறதுக்கு வானிலை அறிக்கையோட நடத்தலாம். அது எப்பவாச்சும் அடிச்சுச் சொல்லும்" என்பார்.

டயர் கடை மாடியில், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லித்தருவது சாரின் தொழில். குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர் அவர். சந்தேகமில்லாமல் பேச மற்றவர்களுக்கு மட்டும் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள் என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

வகுப்பில் ஒரே கண்டிப்பு: எழுதிவரும் வாக்கியம் நிஜமாக இருக்கவேண்டும். அந்த வாரம், நடந்தாலும் நடக்கலாம் என்பதைச் சொல்லும் விதங்களை நடத்தினார். ஸ்லிம் சான்ஸ் என்றால் நூலிழை வாய்ப்பு. லாங் ஷாட் என்றால் எட்டாத கிளைக்கு எறிந்த கல். ஃபேட் சான்ஸ் என்று கேலியாகச் சொன்னால் அறவே கிடையாது. உருண்டு திரண்ட லாரி ஓட்டுநருக்கு இது பொறுக்கவில்லை. "ஒல்லியா இருந்தா கொஞ்சம் உண்டு, குண்டா இருந்தா ஒண்ணுமே இல்லையா? என்ன சார் நியாயம் இது?"

மாமியார் தன் சமையலைப் பாராட்ட ஸ்லிம் சான்ஸ் இருப்பதாகத் தையல்கார அக்கா எழுதியிருந்தார். நிஜத்தைத்தானே கேட்டேன் என்றார் சார். அக்கா யோசித்து, அடித்துவிட்டுத் திருத்தினார்: 'மாமியார் பாராட்டுவாரா? ஃபேட் சான்ஸ்.'

அதோடு அக்கா விடவில்லை. வெளியூர்ப் பள்ளியொன்றில் நிரந்தர வேலைக்குச் சார் நேர்காணல் போய்வந்ததை, துணி தைக்கக் கொடுக்க வந்த அவர் மனைவி அக்காவிடம் உளறியிருந்தார். அடுத்த மாதம் அக்காவுக்கும் நேர்காணல்; ஆயத்த ஆடைக் கம்பெனியில் சூப்பர்வைசர் பதவி; ஆங்கிலத்தில்தான் பேசவேண்டும்.

"நீங்க போயிட்டா என்னை யாரு கரையேத்துவா? நீங்களும் ஒண்ணு எழுதுங்க சார். நிஜமா."

சார் சாக்பீஸை எடுத்தார். வேலை கிடைப்பது லாங் ஷாட் என்று எழுதினால், அக்கா வாய் வழியாக அது வீட்டுக்குப் போய்விடும். மனைவி ஏற்கெனவே பெட்டிகளைத் தூசி தட்டி வைத்திருக்கிறார். கிடைத்துவிடும் என்று எழுதினால் அக்கா நம்பிக்கை விட்டு நோட்டை மூடிவிடுவார். இரண்டில் தனக்கு எது வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதற்கான சொற்றொடரை அவர் நடத்தியதும் இல்லை.

"நாளைக்கு எழுதுறேனே."

"அதெல்லாம் இங்க செல்லாது சார்" என்று ஓட்டுநர் எழுந்துவந்தார். வாக்கியம் பாக்கி வைத்தவர் பெயர் பலகையின் மூலையில் ஏறுவது வகுப்பு வழக்கம்; கொடுத்தால்தான் அழியும். அந்த மூலையில் கொட்டை எழுத்தில் 'சார்' என்று எழுதிவிட்டு உட்கார்ந்தார்.

எல்லோரும் படியிறங்கியபின் சார் பலகையைத் துடைத்தார். மூலைக்கு வந்ததும் வேகம் குறைந்தது. தன் பெயரில் துணி பட்டுவிடாமல், அதைச் சுற்றி மட்டும் துடைத்தார்.