கறுப்புக் கல் டீச்சர்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆசிரியை உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு கறுப்புக் கற்கள். கையில் தொளதொளவென்று ஆண்கள் வாட்ச் ஒன்று. அது நழுவும்போதெல்லாம் முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“இன்னா கல்லு மேடம்?” என்றேன்.

“எரிமலைக் குழம்பும்மா. பசங்கள புனே பக்கம் கூட்டிட்டுப் போனேன். ரெண்டும் ஒரே குழம்புதான். இது மேல இருந்தது. சட்டுனு குளிர்ந்துடுச்சு, படிகம் வளர நேரமில்ல. இது நடுவுல இருந்தது. மெதுவா குளிர்ந்துச்சு, படிகம் தெரியுது பாரு.”

அந்தக் கல்லை என் கையில் கொடுத்தார். வெயிலில் மினுமினுத்தது.

“நடுவுல குளிர எவ்ளோ நாளாகும்?”

“வருஷக்கணக்காகும். மேல ஆளுங்க நடந்து போவாங்க, உள்ள நெருப்பா இருக்கும்.”

அப்போது அவருக்கு போன் வந்தது. “அம்மா நல்லாத்தான்டா இருக்கேன். அப்பா சட்டையெல்லாம் ஆசிரமத்துக்கு எடுத்துக் குடுத்துட்டேன்,” என்று சிரித்தபடியே சொன்னார். வைத்ததும் வாட்ச்சை ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவள். சூடு இறங்காத ஷூவை அச்சிலிருந்து கழற்ற மாட்டோம், உருக்குலைந்துவிடும். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

ஆம்பூரில் இறங்கும்போதுதான் கல்லைத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவு நேரம் என் உள்ளங்கையில் இருந்ததில் அது வெதுவெதுப்பாகியிருந்தது. அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.