வார்டு என்றால் காவல்

நீங்க எப்பவாவது ஆஸ்பத்திரியில நோயாளிக்குத் துணையா இருந்திருக்கீங்களா? கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டு, சொட்டுச் சொட்டாக இறங்குகிற சலைன் பாட்டிலையே பார்த்துக்கினு, ஒரு வாய் டீக்குக்கூட எழுந்து போக முடியாமல்? அப்படி இருந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், எலும்பு முறிந்த பெண்கள் படுத்திருக்கும் வார்டில் எனக்கு வேலை. விரிப்பு மாற்றணும், ஸ்ட்ரெச்சர் தள்ளணும், பெட்பேன் எடுக்கணும். அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பது மட்டும் நானாகச் சேர்த்துக்கொண்ட வேலை.

மூன்றாவது வார்டு

பிச்சாட்டூர் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவள் நான். வார்டு என்றால் முதலில் எனக்குப் பஞ்சாயத்து வார்டுதான் தெரியும். இங்கே வந்ததும் ஆஸ்பத்திரி வார்டு தெரிந்தது. என் பெண்ணை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்த பிறகு மூன்றாவதாக ஒன்று வந்தது. ‘மீட்டிங்குக்கு உங்கள் வார்டை அழைத்து வரவும்’ என்று ஸ்கூலிலிருந்து போனில் மெசேஜ். பெற்ற பிள்ளைக்கும் இதே பேரா என்று கிரேஸ் சிஸ்டரிடம் காட்டினேன். கிரேஸ் எங்கள் வார்டு நர்ஸ். சித்தூர்க்காரி, தமிழ் சர்ச் குடும்பம், என் வயசுதான்.

அவளுக்கும் தெரியவில்லை. போனில் தேடிப் படித்தாள். பழைய இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்குக் காவல் என்று அர்த்தமாம். ஊரைப் பங்கு பிரித்துக் காவல் போட்டால் ஒவ்வொரு பங்கும் வார்டு. ஒருத்தர் பொறுப்பில் இருக்கிற பிள்ளையும் வார்டு. ஜெயில் வார்டரும் ஹாஸ்டல் வார்டனும் அதே குடும்பம். துணி வைக்கிற வார்ட்ரோப்கூடத் துணிக்குக் காவலாம். கேட்டில் நிற்கிற கார்டு இருக்கிறாரே, அவரும் அதே வேர்தானாம். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் புகுந்து வேறு மாதிரி வெளியே வந்த சொல். படித்து முடித்துவிட்டு கிரேஸ் சொன்னாள்: “பாத்தியாடி, நீ காவக்காரி. மாப்பைக் கீழ வச்சிட்டு விறைப்பா நில்லு!”

ஆப்பிளோடு வந்தவர்

அந்த வாரம்தான் வள்ளி வந்து படுத்தாள். வெதுருகுப்பம் பக்கத்துக்காரி. கூலிக்கு மாங்காய் பறிக்க ஏறி, கிளை முறிந்து, தொடை எலும்பு உடைந்துபோச்சு. வீட்டில் கைக்குழந்தை. அதை மாமியார் வைத்துக்கொண்டதால் இங்கே துணைக்கு வந்தது புருஷன் ஏழுமலை மட்டும். அவள் ஊர் வார்டு மெம்பர் ஒருநாள் ஒரு பை ஆப்பிளோடு பார்க்க வந்தார். பின்னாலேயே ஒரு கூட்டம். வாசலிலேயே மறித்தேன். “ஒவ்வொருத்தரா போங்கண்ணா.” மடமடவென்று வரிசையில் நின்றார்கள்.

போகும்போது கேட்டேன், “ஆபரேஷன் அன்னிக்குப் புருஷன் ஒருத்தர் பத்தாது, பொம்பளைங்க யாராச்சும் ஒருத்தர் வந்து தங்குவாங்களா?” கூட்டம் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தது. மாங்காய் சீசன். ஒரு நாள் கூலியை விட முடியாது. நானும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள்தான், கோபித்துக்கொள்ள முடியவில்லை. மெம்பர் செருப்பை மாட்டிக்கினே சொன்னார்: “என் வார்டுல நான் சொன்னா ஒருத்தனும் கேக்கமாட்டான்மா. உன் வார்டுல உன் பேச்சுக்கு எல்லாரும் நிக்கறாங்களே.”

டீக்குப் போகிறவர்கள்

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஏற்படுத்தினார்களோ தெரியாது. துணைக்கு இருக்கிறவர் டீக்கோ குளிக்கவோ போகணும் என்றால், பக்கத்துக் கட்டில் துணையிடம் “கொஞ்சம் சூசுகோம்மா” என்று சொல்லிவிட்டுப் போகணும். பார்த்துக்கொள் என்று அர்த்தம். தமிழர்களும் தெலுங்கில்தான் சொல்வார்கள். அந்த அம்மா “சரே” என்றுவிட்டால், போனவர் திரும்பி வரும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

ஆபரேஷன் அன்று காலையில் ஏழுமலை பக்கத்துக் கட்டில் ராஜம்மாவிடம் அந்த வார்த்தையைச் சொன்னான். ராஜம்மா தெலுங்குக்காரி. கை உடைந்த மருமகளுக்குத் துணையாக வந்தவள். டீக்குப் போகிறான் என்று நினைத்து “சரே” என்றாள். கொஞ்ச நேரத்தில் வள்ளியின் போன் அடித்தது. அவன் நாயுடுபேட்டை பஸ்ஸில் இருந்தான். அங்கே அவன் வேலை பார்க்கிற கம்பெனியில் இன்றைக்கு வராவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நோயாளியின் ஆள் நின்றால்தான் உள்ளே எடுப்பார்கள். ஏற்கெனவே நாள் தள்ளிப்போன கால். இன்றும் தவறினால் எலும்பு கோணலாகக் கூடிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வள்ளி அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “என்னைத் திரும்ப ஊட்டுக்கே அனுப்பிடுங்கக்கா.”

ராஜம்மாவின் வார்த்தை

அதே நேரத்தில்தான் ராஜம்மாவின் மருமகளுக்கு டிஸ்சார்ஜ். கீழே ஆட்டோ நிற்கிறது. மகன் பையைத் தூக்கிக்கினு அவசரப்படுத்துகிறான். ராஜம்மா ஸ்டூலில் இருந்து எழவில்லை. நான் போய், “நீங்க கிளம்புங்கம்மா, நான் பாத்துக்கறேன்” என்றேன். “உன்கு டூட்டி. எத்தினி கட்டில் பாப்பே?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். அப்புறம் தெலுங்கில் சொன்னாள். அந்தப் பையன் பொய் சொன்னானோ நிஜம் சொன்னானோ, சரே என்றது என் வாய்தானே என்று.

மகனுக்குக் கோபம். “யாரோ எவளோ. கை உடைஞ்சவளை வீட்டுல யார் பாக்கறது? சோறு யார் ஆக்கறது?” என்று தெலுங்கில் கத்தினான். வார்டே திரும்பிப் பார்த்தது. மருமகள் கட்டுப் போடாத கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். ராஜம்மா குரலை உயர்த்தவே இல்லை: “தாலி கட்டினது நீதானேடா? நீ சூசுகோ.”

கிழக்குப் பக்கத்து மரம்

மகனும் மருமகளும் ஆட்டோவில் கிளம்பிப் போக, வள்ளியைத் தள்ளிக்கொண்டு போனது நான். தியேட்டர் வாசலில் ‘பேஷன்ட் ஆளு யாரு?’ என்று கேட்டபோது ராஜம்மா கையைத் தூக்கினாள். கதவு மூடியது. டீ வாங்கிக் கொடுத்தாலும் அவள் குடிக்கவில்லை. நான் வேலைக்கு நடுவில் வந்து வந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே சுவரில் சாய்ந்து, வள்ளியின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிற்பகலில் வெளியே எடுத்து வந்தோம். வள்ளிக்கு மயக்கம் தெளியவில்லை. ஊசி குத்தின கையைப் பிடுங்கப் பார்த்தாள், எழுந்திருக்கப் பார்த்தாள். ராஜம்மா அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். “கெயக்குப் பக்கத்து மரத்துல இன்னும் காய் கீது... கீது...” என்று வள்ளி பிதற்றிக்கொண்டே இருந்தாள். ராஜம்மாவுக்கு அந்தத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பஞ்சை நனைத்து அவள் உதட்டைத் தடவிவிட்டுச் சொன்னாள்: “சரே தல்லி, ரேப்பு கோசுகுந்தாம்.” சரி தாயே, நாளைக்குப் பறிச்சிக்கலாம்.

நாயுடுபேட்டையிலிருந்து

மறுநாள் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடே ஏழுமலை ஓடி வந்தான். ராஜம்மா திட்டுவாள் என்று வார்டே காத்திருந்தது. அவள் திட்டவில்லை. வள்ளி எப்போது தண்ணீர் குடித்தாள், எந்தப் பக்கம் வலி என்கிறாள் என்று ஒவ்வொன்றாக ஒப்பித்துவிட்டு, செருப்பை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். காலில் விழப் போனவனைத் தோளைப் பிடித்து நிறுத்தி, கட்டில் பக்கம் திருப்பிவிட்டாள்.

மூன்று வார்டுக்கும் இங்கிலீஷ்காரன் ஒரே பேர் வைத்துவிட்டுப் போனான், காவலுக்கு ஆள் வைக்கிறதை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டான்.

ராஜம்மாவின் மருமகள் இருந்த கட்டிலுக்கு அன்றைக்கே வேறொரு பாட்டி வந்தாள். அவள் மகன் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, வள்ளி பக்கம் திரும்பி, “கொஞ்சம் சூசுகோம்மா” என்றான். வள்ளி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். ஏழுமலை சட்டென்று ஜன்னல் பக்கம் பார்த்தான். வள்ளிதான் பதில் சொன்னாள்:

“பாத்துக்கறேண்ணா. டீக்குப் போறியா, நாயுடுபேட்டைக்குப் போறியா, அத்த மட்டும் சொல்லிட்டுப் போ.”