முட்டி மாத்திரையும் பல் மாத்திரையும்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடினால் சுவரோரம் போய் நிற்கிறவள். நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கம்பெனி லைனில் நிற்கும் பெண்களின் பைகளில் இன்றும் இந்த மாத்திரைகள் கிடக்கின்றன. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. போர்டுகள் வரிசையாக நகர்ந்து வரும். நின்றபடியே வயர்களைப் பொருத்தி டேப் சுற்ற வேண்டும். இடத்தை விட்டு நகர வேண்டுமானால் ரிலீவர் வந்து நம் இடத்தில் நிற்க வேண்டும். பாத்ரூம் போகவும் அப்படித்தான். கையைத் தூக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்குக் கையைத் தூக்கவே கூச்சம்.

நின்று நின்று முட்டி வீங்கியது. மண்ணூரில் ஒரு டாக்டர், சாப்பிட்ட பிறகு போடச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்புறம் கடைவாய்ப்பல் வலி வந்தது. மெடிக்கலில் பல் வலி என்று மட்டும் சொன்னேன். வேறொரு மாத்திரை கொடுத்தார்கள். முட்டி மாத்திரை முட்டிக்குப் போகும், பல் மாத்திரை பல்லுக்குப் போகும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். நிறமும் வேறு, பேரும் வேறு. ஓவர்டைம் நாளில் இடுப்பு வலிக்கென்று லைனில் ஒரு மாத்திரை அட்டை கைமாறி வரும். அதிலும் ஒன்றைப் பிய்த்துப் போட்டுக்கொள்வேன். விடியலிலேயே கம்பெனி பஸ் வந்துவிடும் என்பதால் வெறும் டீயில்தான் எல்லாம் இறங்கும்.

வயிறு எரியத் தொடங்கியது. பிறகு மலம் தார் போலக் கறுத்துப் போனது. இதை யாரிடம் சொல்வது? வீட்டுக்காரரிடமே வாய் வரவில்லை.

அன்று பகல் ஷிஃப்ட். போர்டு கண்ணெதிரே மிதந்தது. உள்ளங்கை வியர்த்து வயர் நழுவியது. வெளியே போக கேட் பாஸ் வேண்டும், கேட் பாஸுக்குக் காரணம் வேண்டும். சூப்பர்வைசருக்கு என் மகன் வயது. அவரிடம் என்னவென்று சொல்ல? ஒரு போர்டை முடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

கையைத் தூக்கினேன். ரிலீவராக வந்தவள் படப்பை ஊர்க்காரி, வாய் சும்மா இருக்காது.

"இன்னாக்கா, காலைலேர்ந்து பாத்ரூமுக்கே நடந்துகினு கீற? அங்க வாடகைக்கு வூடு எட்த்துட்டியா?"

பக்கத்தில் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். கால் மடங்கியது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னேன்.

"கறுப்பாவா? எத்தினி நாளா?"

"நாலஞ்சு நாளா."

"வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த? சார்! இங்க வா சார்!"

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னாம்மா, டார்கெட் போவுது..."

"டார்கெட்டு கெடக்குது. அக்கா மூஞ்சப் பாரு, வெளுத்துப் போய் கீது. பொம்பள விஷயம், ஒண்ணியும் கேக்காத. பாஸ்ல கையெழுத்து போடு."

அவர் உடனே போட்டுக் கொடுத்து, என் இடத்தில் வேறொருத்தியை நிறுத்தினார்.

முதலுதவி அறை நர்ஸம்மா என்ன மாத்திரை போடுகிறேன் என்று கேட்டார். முட்டி மாத்திரை என்றேன். பல் மாத்திரையைச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கூட வந்த படப்பைக்காரிதான், "பல்லுக்கும் போட்டியே, இடுப்புக்கும் போட்டியே, அத்த சொல்லு" என்று என் பையைக் கவிழ்த்தாள்.

நர்ஸம்மா அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "மூணும் ஒரே வகை மருந்தும்மா. பேருதான் வேற. சேத்துப் போட்டா வலி கூடுதலா ஒண்ணும் கொறையாது. வயித்தைப் புண்ணாக்கும், கிட்னியையும் கெடுக்கும். உள்ள ரத்தம் கசியுது போல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கம்பெனி வண்டி லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தது. முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர்கள், இறங்கி நடக்கவும் வழியில்லை. வயிற்றைப் பிடித்தபடி படுத்திருந்தேன்.

மறுநாள் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண் இருந்தது. ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.